தலைக்கட்டில் வராதவர்கள்

என் மகளிடம் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் தமிழ்நாட்டு எல்லைக்கு மேற்கே, எங்கள் சித்தூரில் ஒரு மருத்துவர். இடது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி என்று காட்டப் போயிருந்தாள். துணைக்கு என் மனைவி. "குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லைங்க" என்று மகள் சொல்லியிருக்கிறாள். என் மனைவியும் இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள். ஸ்கேனில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. வயதும் நாற்பதுதான், குடும்பத்திலும் இல்லை, சாதாரணக் கட்டியாக இருக்கும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆறு மாதம் ஒரு வருடமானது. பள்ளிக்கூடத்தில் தேர்வு, பிறகு விடுமுறை, பிறகு மறுபடியும் தேர்வு. அவள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

யாருக்கும் இல்லை என்றால் பூஜ்யம். சரியான விடை மூன்று.

என் அப்பாவின் தங்கை ஒன்று. என் அக்கா இரண்டு. என் தங்கை மூன்று. மூன்று பெண்கள் மார்பில் கட்டி வந்து செத்துப்போன ஒரு வீட்டில், கணக்கில் எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண் எப்படிப் பூஜ்யம் என்று விடை சொன்னாள்? அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வயது எழுபத்து நான்கு.

நீர்ப்பாசனத் துறையில் ஓவர்சியராக இருந்தவன் நான். எந்தக் கால்வாயில் எத்தனை அடி தண்ணீர் வந்தது, எந்த மடையில் எவ்வளவு இறங்கியது என்று அளப்பதுதான் முப்பத்தொரு வருட வேலை. தண்ணீர் குறைந்தால் கிழக்கே தமிழ்நாட்டுக்காரர்களோடும் மேற்கே எங்கள் மாநிலத்து ஆட்களோடும் ஒரே நாளில் சண்டை போட வேண்டிவரும். எண்ணிக்கை தவறினால் யாரோ ஒருவனுடைய வயல் காயும். அதனால் எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் வீட்டிலேயே கணக்கு தவறியது என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

தவறு அவளுடையது அல்ல. எங்கள் ஆட்களின் எண்ணும் முறையே அப்படி. குலதெய்வக் கோயிலில் திருவிழா என்று நோன்பு சாட்டினால் வரி பிரிக்கத் தலைக்கட்டு எண்ணுவார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. எங்கள் பங்காளிகளில் போன முறை நூற்றுப் பதினெட்டு தலைக்கட்டு. மகள்கள் வரமாட்டார்கள். சகோதரிகள் வரமாட்டார்கள். கட்டிக்கொடுத்த நாளோடு அவள் வேறு கூட்டம், வேறு குலம், வேறு கோயில், வேறு கணக்கு. செத்தால் நாம் கோடித் துணி எடுத்துக்கொண்டு விருந்தாளி மாதிரிப் போய்வர வேண்டியதுதான். கோயில் வரிக்கு இந்த முறை போதும். அதையே ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக்கொண்டு போனதுதான் எங்கள் ஜனம் செய்த வேலை.

பிறகு ஒருநாள் மகளிடம் கேட்டேன். "ஏங்கண்ணு, பெரிய அத்தை எதுல செத்தாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்கப்பா. மாருல புண்ணு."

"அப்பறம் ஏன் இல்லைன்னு சொன்னே?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அவிய நம்ம குடும்பமுங்களா? அத்தை வேற கூட்டமில்லீங்களா? டாக்டர் நம்ம குடும்பத்தைத்தானே கேட்டாரு. அதுவுமில்லாம, பொம்பளைங்க நோவு அம்மா வழியிலதானே வரும்? அம்மாவூட்டுல யாருக்கும் இல்லையேன்னு யோசிச்சுத்தான் சொன்னேன்."

அவள் யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு கணக்கு டீச்சர் ஒழுங்காக யோசித்து, கொடுக்கப்பட்ட விதிப்படி கணக்கிட்டுத் தவறான விடைக்கு வந்திருக்கிறாள். விதியைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

கட்டி பெரிதாகி, அக்குளிலும் நெறி கட்டி, பரிசோதனையில் புற்று என்று தெரிந்த பிறகு கோயம்புத்தூருக்குப் போனோம். இந்த முறை நானும் போனேன். அங்கே ஒரு பெண் மருத்துவர், ஐம்பது வயது இருக்கும், அதே கேள்வியைக் கேட்டார். என் மனைவி வாயைத் திறந்து, "எங்க குடும்பத்துல..." என்று தொடங்கினாள்.

"மூணு பேர்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு யாருங்க ஐயா?"

சொன்னேன். அப்பாவின் தங்கை நான் நாலாவது படிக்கும்போது இறந்தாள். முப்பத்தைந்து வயதுகூட இருந்திருக்காது. அவள் படுத்திருந்த அறைக்குள் எங்களை விடமாட்டார்கள். அக்கா நாற்பத்தாறில் இறந்தாள். மார்பில் மஞ்சளை அரைத்துப் போட்டுக்கொண்டு, யாரிடமும் காட்டாமல், ரவிக்கையில் ஈரம் ஊறி வெளியே தெரிந்த பிறகுதான் அவள் கணவருக்கே தெரிந்தது. தங்கையை உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டக்காரர்களுக்குக் கொடுத்திருந்தோம். அவள் மஞ்சள் காமாலையில் போய்விட்டதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தபோது அவளுடைய வலது மார்பு இல்லை. மதுரையில் வைத்து எடுத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக எங்களுக்குச் சொல்லவில்லை. கட்டி ஈரலுக்குப் போன பிறகு வந்த காமாலை அது. மலையேறி வர அரை நாள் ஆகும் ஊர் என்பதால் பொய்க்கு வசதியாக இருந்தது.

மருத்துவர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகப் போட்டுக்கொண்டே வந்தார். பெண் என்றால் வட்டம். ஆண் என்றால் சதுரம். நோய் வந்த வட்டத்துக்குக் கறுப்பு அடித்தார். மூன்று கறுப்பு, என் மகளோடு நான்கு. நடுவில் ஒரு வெற்றுச் சதுரம். அது நான்.

"அப்பா வழியா வரும்ங்க ஐயா" என்றார். "நிறையப் பேர் அம்மா பக்கத்தை மட்டும் சொல்லுவாங்க. நம்ம உடம்புல சில மரபணு இருக்கு, செல்லுல ஏதாவது உடைஞ்சா ரிப்பேர் பண்ற வேலை அதுக்கு. அதுல ஒரு பிரதி பழுதா இருந்தா, அப்பாகிட்ட இருந்தும் வரும், அம்மாகிட்ட இருந்தும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. ஆம்பளைங்களுக்கு மார்புல வர்றது அபூர்வம். அதனால அவங்க அதைச் சுமந்துட்டு, ஒண்ணுமே தெரியாம, கைமாத்தி விட்டுடுவாங்க."

கைமாத்தி விட்டுடுவாங்க. வாய்க்கால் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுகிறமாதிரி. அது என் வழியாக ஓடியிருக்கிறது என்று எனக்கு எழுபத்து மூன்று வயதுவரை ஒரு ஆள் சொன்னதில்லை.

மகளுக்கு மருந்து ஏற்றத் தொடங்கியதும் பார்க்க வந்தவர்கள் முதல் மாதத்திலேயே இருபத்தாறு பேர். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஐந்து. மீதிப் பேர் விசாரணை நடத்த வந்தவர்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் மேசைமேல் வைத்துவிட்டு, குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். படுத்திருக்கிறவளுக்குக் கேட்கும் என்ற கூச்சம்கூட இல்லை.

"நேரமே பெரிய மனுஷி ஆயிட்டா இல்ல? ஆறாவது படிக்கறப்பவே?"

"கலியாணத்தைத் தள்ளிப் போட்டுட்டாங்க. முப்பத்தி மூணுல ஒரு புள்ளை. அதுவும் ஒண்ணோட நிறுத்தியாச்சு."

"வேலைக்குப் போறவளுக்குப் பால் குடுக்க எங்கீங்க நேரம்? பாட்டில்தான். கட்டிப்போன பால்தான் இப்படி ஆவும்ங்கறாங்க."

இதில் கடைசி வாக்கியம் சொன்னவள் என் ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி. என் மகள் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்: "சித்தி, பால்ல இருந்து தயிர்தான் ஆகும். கட்டி ஆகாது." அன்றைக்கு அவள் வாந்தி எடுத்து ஓய்ந்து கிடந்தாள். அப்போதும் அந்த நாக்கு ஓயவில்லை.

எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. எழுந்து நின்று சொன்னேன்: "என்ற அக்கா பதினஞ்சு வயசுலதான் பெரிய மனுஷி ஆனா. பத்தொம்பதுல மொதப் புள்ளை. மொத்தம் அஞ்சு. அஞ்சுக்கும் மூணு மூணு வருசம் பால் குடுத்தா. அவளுக்கு ஏன் வந்துச்சு? சொல்லீட்டு அந்தக் காப்பியைக் குடி."

அவள் காப்பியைக் குடிக்காமல் போனாள். நல்லது.

ஆனாலும் எண்ணுகிறவனுக்கு அரைகுறை விடையோடு இருக்க முடியாது. அவர்கள் சொல்வதில் ஏதாவது உண்மை இருக்கிறதா என்று அடுத்த முறை மருத்துவரிடமே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். சீக்கிரம் பருவமடைவது, மாதவிலக்கு தாமதமாக நிற்பது, முதல் குழந்தை முப்பதுக்கு மேல் பிறப்பது, குழந்தையே இல்லாமலிருப்பது, இவை எல்லாம் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். சினைப்பையிலிருந்து வரும் ஹார்மோன் மார்பில் எத்தனை வருடம் வேலை செய்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. பல மாதம் பால் கொடுப்பது கொஞ்சம் குறைக்கும். ஆனால் கொஞ்சம்தான். கோடிக்கணக்கான பெண்களைச் சேர்த்து எண்ணினால் தெரிகிற வித்தியாசம் அது. ஒரு பெண்ணைக் காட்டி, இதனால்தான் உனக்கு வந்தது என்று சொல்ல அதை வைத்து முடியாது. "உங்க வீட்டு மரபணு மாதிரி ஒண்ணு இருக்கும்போது, அதோட எடைக்கு முன்னாடி இதெல்லாம் சின்ன எடைங்க ஐயா. அஞ்சு பிள்ளைக்குப் பால் கொடுத்ததும் உங்க அக்காவைக் காப்பாத்தலையே."

என் தங்கைக்குப் பிள்ளை இல்லை. மலடி என்று அவள் மாமியார் வீட்டில் சொன்னார்கள். செத்த பிறகு, பிள்ளை பெறாத உடம்பு அப்படித்தான் அழுகும் என்று சொன்னார்கள். ஐந்து பெற்றவளைக் கண்பட்டுவிட்டது என்றார்கள். பெற்றாலும் குற்றம், பெறாவிட்டாலும் குற்றம், ஒன்று பெற்றாலும் குற்றம். எந்த எண்ணைச் சொன்னாலும் விடை பெண் தவறு என்றே வருகிற கணக்கு, கணக்கே அல்ல.

மகளின் ரத்தப் பரிசோதனையில் அந்த மரபணுப் பழுது இருந்தது. பிறகு என் ரத்தத்தை எடுத்தார்கள். எனக்கும் இருந்தது. அதே பழுது, அதே இடத்தில். ஆக, என் மனைவி வழியில் வரவில்லை என்பது தீர்ந்தது. இனி நான் ஆண்களுக்கு மட்டும் உள்ள புராஸ்டேட் சுரப்பியைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். செய்கிறேன். எனக்கு அது பெரிதல்ல. மகளுக்கு இரண்டு மார்புகளையும் எடுத்தார்கள். இந்தப் பழுதால் சினைப்பையிலும் புற்று வரலாம் என்பதால் அவற்றையும் எடுக்க நாள் குறித்தார்கள். அவள் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பது அடுத்த பதினைந்து வருடத்தின் வேலை.

மருத்துவர் கடைசியாக ஒன்று சொன்னார். "உங்க கூடப் பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க. யாரு டெஸ்ட் எடுக்கறது, எடுக்காம இருக்கறதுங்கறது அவங்க இஷ்டம். ஆனா சொல்லணும்."

அக்காவின் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் போன் செய்தேன். இரண்டு பேர் அந்த வாரமே போய் ரத்தம் கொடுத்தார்கள். இரண்டு பேர் பார்க்கலாம் மாமா என்றார்கள். ஒருவன் போனை வைத்துவிட்டான். மீதி இருந்தது என் தம்பி. எனக்கு ஒரே தம்பி. பக்கத்துத் தோட்டம், நடுவில் ஒரு வாய்க்கால்தான். அவனுக்கு ஒரே மகள், இருபத்தேழு வயது. சித்தூர் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அப்போதுதான் அவளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் மாப்பிள்ளை நிச்சயமாகி இருந்தது.

தம்பி நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். பிறகு தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஏனுங்ணா, கலியாணம் முடியட்டுமுங்க. அப்பறம் சொல்லிக்கலாம்" என்றான்.

"முடிஞ்சா அவ வேற கூட்டம். அப்பறம் அது அவிய பாடு. அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலீங்ணா."

"வேற எப்படிச் சொன்னே?"

"எனக்கு இருக்குதுன்னு யாரு சொன்னா? உங்களுக்கு இருந்தா எனக்கும் இருக்கோணுமா? பாதிக்குப் பாதின்னுதானே நீங்களே சொல்றீங்க?"

"அதனாலதான் பாருங்கறேன்."

"பாத்து, இருந்துட்டா? யாருங்ணா கட்டுவாங்க அவளை?"

அவன் பயத்தை நான் புரிந்துகொள்ளாமல் இல்லை. அதனால் இரண்டு மாதம் பொறுத்தேன். அந்த இரண்டு மாதத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் மனைவியின் தங்கை கிணத்துக்கடவில் இருக்கிறாள். ஒருநாள் காலையில் போன் செய்தாள். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கேட்டது.

"அக்கா, நம்ம அம்மாவுக்கு மாருல நோவு இருந்துச்சா?"

"என்ன பேச்சுடி பேசறே?"

"என்ற மவளுக்கு வந்த சம்மந்தம் வேண்டாம்னுட்டாங்க. உங்கம்மா வழியில அந்த நோவு இருக்குதாமே, அதுதான் உங்கக்கா மவளுக்கும் வந்துச்சாமேன்னு கேக்கறாங்க. யாரு சொன்னாங்கன்னா, உன்ற கொழுந்தனாரு சொன்னாருங்கறாங்க. எனக்குத் தெரியாம அம்மாவுக்கு எப்பக்கா வந்துச்சு?"

என் மாமியார் எண்பத்தாறு வயதில், கரும்பு கடிக்கிற பற்களோடு செத்தவள். ஏழு பெற்றவள். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை.

தம்பி மாப்பிள்ளை வீட்டாரிடம் முந்திக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறான். அண்ணன் மகளுக்கு வந்ததை மறைக்க முடியாது, ஊருக்கே தெரியும். அதனால், "அது எங்க அண்ணியோட பொறந்தவூட்டு வழி, எங்க ரத்தத்துல இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறான். பொள்ளாச்சிக்கும் கிணத்துக்கடவுக்கும் என்ன தூரம்? செய்தி பஸ் ஏறிப் போய்விட்டது. கூட்டம் கூட்டமாகப் பிரித்து எண்ணுகிற புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள். நோய் வந்தால் அது கட்டிவந்தவளின் கூட்டத்துக்குச் சொந்தம். நம் சகோதரிக்கு வந்திருந்தால் அது அவளைக் கட்டிய கூட்டத்துக்குச் சொந்தம். நம் வீட்டுக்கு எப்போதும் பூஜ்யம்.

என் மனைவி உரித்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். என்னைப் பார்த்தாள். "உங்க தம்பி" என்றாள். நாற்பத்தாறு வருடத்தில் என் வீட்டு ஆட்களைப் பற்றி அவள் சொன்ன மிகக் கடுமையான பேச்சு அந்த இரண்டு வார்த்தைகள்தான்.

நான் செருப்பு மாட்டாமலேயே வாய்க்காலைத் தாண்டிப் போனேன். தம்பி வீட்டில் தேங்காய் வியாபாரி வந்திருந்தான். அவனை அனுப்பும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. தம்பி மகள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள், துணியை உலரப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, இங்க வா" என்றேன்.

"அண்ணா, உள்ள போய்ப் பேசலாமுங்க" என்றான் தம்பி.

"உள்ள பேசிப் பேசித்தான் மூணு பேரைப் புதைச்சோம்."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யார் யாருக்கு வந்தது, என் ரத்தத்தில் என்ன இருந்தது, அவள் அப்பாவுக்குப் பாதிக்குப் பாதி, அவனுக்கு இருந்தால் அவளுக்கும் பாதிக்குப் பாதி. இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை, இப்போதிலிருந்து வருடா வருடம் பார்த்துக்கொண்டால் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கலாம் என்று மருத்துவர் சொன்னது. அவள் அப்பன் கட்டிவிட்ட கதை. கிணத்துக்கடவில் நின்றுபோன சம்பந்தம்.

அவள் முதலில் அப்பனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என் பக்கம்தான் திரும்பினாள்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு, பெரியப்பா?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"ரெண்டு மாசமா நீங்க ரெண்டு பேரும் என்ற ஒடம்பை வெச்சு வழக்குப் பேசிட்டு இருந்தீங்களா? என்ற போன் நம்பர் உங்ககிட்ட இல்லியா? நான் ரெண்டு தடவை அக்காவைப் பாக்க வந்தேனே. அன்னிக்கு எங்கிட்டச் சொல்ல வாய் வல்லியா?"

"உங்கப்பன்தான்..."

"எங்கப்பாவைக் கேட்டா பொங்கலுக்குச் சேலை எடுக்கறீங்க? என்னையக் கேக்கறீங்கல்ல?"

தேங்காய் வியாபாரி குனிந்து தேங்காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அதட்டுகிறாளே என்று. ஆனால் அந்தக் கோபத்தைச் சரிபார்த்தபோது அதில் ஒன்றும் தேறவில்லை. விட்டுவிட்டேன்.

தம்பி சொன்னான்: "மாப்பிள்ளையூட்டுல தெரிஞ்சா..."

"மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கறேன். அது என்ற சோலி" என்றாள். அங்கேயே நின்று போன் செய்தாள். எங்களுக்கு அவள் பேசியது மட்டும் கேட்டது. "ஆமா... இல்ல, அது பொய்... எங்கப்பாதான்... இன்னும் தெரியாது... சரி." வைத்துவிட்டுச் சொன்னாள்: "டெஸ்ட்டுக்கு எப்பப் போறோம், லீவு போடோணும்கறாரு."

இவ்வளவுதான். இதற்காகத்தான் ஒருவன் ஒரு செத்த கிழவியின் பெயரைக் கெடுத்து, ஒரு பாவமும் அறியாத ஒரு பெண்ணின் சம்பந்தத்தை உடைத்திருக்கிறான். யாரைக் கண்டு பயந்தானோ அந்த ஆள் லீவு எடுக்கத் தேதி கேட்கிறான்.

முதலில் தம்பியைச் சோதிக்கலாம் என்றார் மருத்துவர். அவனுக்கு இல்லையென்றால் மகளுக்கு அவன் வழியில் வர வாய்ப்பில்லை. தம்பி வரமாட்டேன் என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தான். "நீங்க குடுக்கலீன்னா நான் குடுக்கறேன். ஊசி ஒண்ணுதான்" என்றாள் அவன் மகள். அவன் வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். மாப்பிள்ளைப் பையனும் வந்திருந்தான். எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். தம்பி குடித்தான். நான் வாங்கிக் கொடுத்திருந்தால் குடித்திருக்கமாட்டான்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. என் மனைவி தினமும் விளக்கு வைக்கும்போது தம்பி மகளின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டாள். தன் பிறந்த வீட்டின்மேல் பழி போட்டவனின் மகளுக்காக. அது எனக்குக் கேட்டது. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, கிடைக்கவும் வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருக்கக்கூடாது என்பதில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்று.

இல்லை. தம்பிக்கு அந்தப் பழுது இல்லை.

அந்த நிமிடம் அங்கேயே திண்டில் உட்கார்ந்துவிட்டேன். என் மகளுக்கு வந்தது அந்தப் பெண்ணுக்கு வராது, குறைந்தபட்சம் இந்த வழியில் வராது. மற்றப் பெண்களுக்கு எவ்வளவு ஆபத்தோ அவ்வளவுதான் அவளுக்கும். அந்த ஒரு நாள் நான் கோபப்படவில்லை.

மறுநாள் தம்பி ஊரெல்லாம் மைசூர்பாகு கொடுத்தான்.

"பாத்தீங்களாண்ணா, நான் அப்பவே சொன்னேன், எங்களுக்கு இல்லைன்னு. என்ற வழி சுத்தம்" என்றான் என் வாசலில் நின்று.

சுண்டிவிட்ட காசு அவன் பக்கம் விழுந்தது, என் பக்கம் விழவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஒரே அப்பா, ஒரே அம்மா, எனக்கு வந்தது அவனுக்கு வரவில்லை. அதில் அவனுடைய சாமர்த்தியமும் இல்லை, யோக்கியதையும் இல்லை. அவன் அதைத் தன் நடத்தைக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டான். அவன் வழி சுத்தம் என்றால் என் மகள் வழி என்ன அசுத்தமா? உள்ளே அவள் தலையில் புதிதாக முளைத்த முடியைச் சீவ முடியாமல் சீவிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை அவளுக்குக் கேட்டது.

"சித்தப்பா, மைசூர்பாகு எத்தனை கிலோ போட்டீங்க?" என்று கேட்டாள். "கிணத்துக்கடவுக்கும் ஒரு டப்பா குடுத்து விட்டீங்களா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஆவணியில் கல்யாணம் என்று பத்திரிகை அடித்தார்கள். தம்பியும் அவன் மனைவியும் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மூத்த வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. வீட்டுக்காரி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், பிறகு கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி" என்றான் தம்பி, தட்டை நீட்டியபடி.

"இதை மொதல்ல என்ற தங்கச்சியூட்டுல வெய்யுங்க தம்பி. வெச்சு, சொன்னதை மாத்திச் சொல்லுங்க. எங்கம்மாளுக்கு ஒண்ணும் இல்லைன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்பறம் இங்க வாங்க. ரெண்டு கையும் நீட்டி வாங்கிக்கறேன்."

தட்டோடு நிற்பது எவ்வளவு நேரம் முடியும்? அவன் என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்ணா."

"அவ சொன்னதுதான்" என்றேன்.

அவன் மனைவி அழத் தொடங்கினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார்கள்.

அன்று மாலை கிணத்துக்கடவிலிருந்து மைத்துனி போன் செய்தாள். வந்தார்களாம். பத்திரிகை வைத்தார்களாம். காப்பி குடித்தார்களாம். மழை, தேங்காய் விலை, மண்டப வாடகை எல்லாம் பேசினார்களாம். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. போகும்போது, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றானாம்.

என் மனைவி போனை வைத்துவிட்டு, "அப்ப நாமதான் போகோணும்" என்றாள்.

மறுநாள் வேலந்தாவளம் வழியாகப் போகிற முதல் பஸ்ஸில் போனோம். மைத்துனி வீட்டுக்கு அல்ல. அவள் மகளை வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு. பெரிய வீடு, வாசலில் இரண்டு டிராக்டர், ஒரு டெம்போ. வீட்டுக்காரருக்கு என் வயது இருக்கும். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அந்த நோய் என் மனைவி வழியில் வந்தது அல்ல, என் வழியில் வந்தது, என் ரத்தத்தில் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள், வேண்டுமானால் அந்த மருத்துவரிடமே உங்களை அழைத்துப் போகிறேன். இந்தப் பெண்ணின் குடும்பத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவர் என்னையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப உங்க தம்பி சொன்னது பொய்யிங்களா?"

"பொய்தானுங்க."

"கூடப் பொறந்த தம்பி, நல்ல மனுசன்னு கேள்விப்பட்டோம். அப்படி ஏனுங்க சொல்லோணும்?"

"அதை அவனையே கேளுங்க" என்றேன். "நம்பர் தர்றேன், எழுதிக்குங்க."

அவர் பேரனைக் கூப்பிட்டுப் பேனா கேட்டார். நான் பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எழுதி முடித்ததும் திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னேன். சரியாக இருந்தது.